சவேரியார் படத்தில் எத்தனை பேருடைய கை?

வியன்னா நகரின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் 535 சென்டிமீட்டர் உயரமும் 395 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு எண்ணெய் ஓவியம் இருக்கிறது. கல்மேடை ஒன்றின் மேல் கறுப்பு அங்கி அணிந்த துறவி ஒருவர் கையை உயர்த்தி நிற்கிறார். கீழே பெருங்கூட்டம். பார்வையற்ற ஒருவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் தடவிக்கொண்டே வருகிறார். செத்துப்போனவர் எழுந்து உட்காருகிறார். பின்னால் பெரிய தூண்களுள்ள கோயில் ஒன்றில் சிலை உடைந்து சரிகிறது. மேகத்தின் மேல் கையில் கிண்ணத்தோடு ஒரு பெண். விசுவாசத்தை உருவகப்படுத்தும் வடிவம் அது.

மேடையில் நிற்கிறவர் நமக்குத் தெரிந்தவர்தான். புனித சவேரியார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்துகொண்டு, மணப்பாடு, தூத்துக்குடி என்று பரதவர் ஊர்களில் நடந்தே திரிந்தவர். தென் மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் அவர் படம் சுவரில் தொங்குகிறது. அவரை இவ்வளவு பெரிதாக வரைந்தவர் பீட்டர் பால் ரூபன்ஸ். இடம், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப். காலம், 1617 அல்லது 1618. ரூபன்ஸ் ஆசியாவில் கால் வைத்ததே கிடையாது. அதனால்தான் படத்தில் இருக்கும் கோயில் ரோமாபுரிக் கட்டடம் மாதிரி இருக்கிறது. கூட்டத்தில் தலைப்பாகைக்காரர்களும், கொரிய உடை என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் உடுப்பில் ஒருவரும் கலந்து நிற்கிறார்கள். நம் கடற்கரை முகங்களைத் தேடினால் கிடைக்காது.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ரூபன்ஸின் மேதைமையைப் பற்றிப் பேசுவார்கள். அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் 21 சதுர மீட்டர் துணியை நெய்தது யார், அந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்தது யார், சிவப்புக்கான பாதரசத்தைத் தோண்டியது யார் என்று கேட்டுப் பார்த்தால் கதை ஆண்ட்வெர்ப்பைத் தாண்டி எங்கெங்கோ போகிறது.

முதலில், இந்தப் படம் ஏன் தேவைப்பட்டது? 1566-இல் தாழ்நாடுகளில், அதாவது இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பக்கத்தில், புராட்டஸ்டண்ட் கூட்டங்கள் தேவாலயங்களுக்குள் புகுந்து சிலைகளையும் படங்களையும் அடித்து நொறுக்கின. 1585-இல் ஸ்பெயின் படைகள் ஆண்ட்வெர்ப்பைப் பிடித்ததும் ஊர் மறுபடி கத்தோலிக்க ஊரானது. ஆனால் ஸ்கெல்ட் ஆற்றின் வாயை டச்சுக்காரர்கள் மூடிவிட்டதால் துறைமுகம் படுத்துவிட்டது. வணிகம் நொடித்த ஊர், வெறிச்சோடிய பீடங்கள். 1609-இல் பன்னிரண்டு ஆண்டுப் போர் நிறுத்தம் வந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. பீடங்களை நிரப்பும் வேலை மும்முரமானது. சவேரியாரின் துறவு சபையான இயேசு சபையார் 1615-இல் ஒரு புதிய ஆலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். அதன் தலைமைப் பீடத்துக்காகத்தான் இரண்டு படங்களுக்குச் சொன்னார்கள்: ஒன்று சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், இன்னொன்று சவேரியார்.

கவனிக்க வேண்டிய விஷயம், அப்போது இருவருமே புனிதர் பட்டம் பெறவில்லை. பட்டம் கிடைத்தது 1622 மார்ச் 12-ஆம் தேதி. அதற்கு நாலைந்து வருடம் முன்பே பீடத்துக்கான படம் தயார். சபையார் தங்கள் ஆட்கள் புனிதர்கள்தான் என்று ரோமுக்கும் உலகத்துக்கும் வண்ணத்தில் எழுதிக் காட்டிய மனு என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

சரி, பொருளுக்கு வருவோம். ரூபன்ஸுக்குப் பிடித்தது ஓக் பலகை. ஆண்ட்வெர்ப் தேவாலயத்தில் உள்ள அவருடைய புகழ்பெற்ற ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’ பலகையில் வரைந்ததுதான். ஆனால் இங்கே படத்தை மேலே தூக்கி இறக்கி மாற்ற வேண்டியிருந்தது. ஏனென்று பிறகு சொல்கிறேன். ஐந்து மீட்டர் உயரத்துக்குப் பலகை என்றால் கனம் தாங்காது. ஆகவே துணி.

துணி என்றால் லினன். ஆளிச் செடியின் தண்டிலிருந்து வரும் நார். ஃபிளாண்டர்ஸ் பகுதி இதற்குப் பேர் போனது. செடியை வேரோடு பிடுங்கி, கட்டுக் கட்டாகக் கட்டித் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், நம் ஊரில் கயிறு திரிக்கத் தேங்காய் மட்டையை ஊறப்போடுகிற மாதிரி. தண்டு அழுகி நார் கழன்று வரும். அதன் நாற்றமும் மட்டை ஊறல் நாற்றத்துக்குக் குறைந்ததல்ல. பிறகு அடித்து, சீவி, நூலாக்க வேண்டும். நூற்றவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்த பெண்கள். அந்தக் காலத்துத் தறியில் நெசவாளி ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்கிற தூரம்தான் நாடா ஓடும். அதனால் சாதாரணத் துணியின் அகலம் ஒரு மீட்டரை ஒட்டியே நிற்கும். நாலு மீட்டர் அகலப் படத்துக்குப் பல பட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தாக வேண்டும். பெரிய பழைய ஓவியங்களில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது வண்ணத்துக்கு அடியில் தையல் வரி லேசாகத் துருத்திக்கொண்டு தெரியும். யாரோ ஒருவர் ஊசி பிடித்த தடம் அது.

அதே ஆளிச் செடியின் விதையை ஆட்டினால் வருவதுதான் ஆளிவிதை எண்ணெய். வண்ணத்தைக் குழைக்கப் பயன்பட்ட எண்ணெய் பெரும்பாலும் அதுவே. தண்டு துணியாகவும் விதை எண்ணெயாகவும் மாறி, ஒரே செடி படத்தின் உடம்பையும் ரத்தத்தையும் கொடுக்கிறது. இந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கெட்டியான படலமாக மாறுகிறது. நானூறு வருடம் கழித்தும் வண்ணம் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். ஆனால் எண்ணெய் நேராகத் துணியில் இறங்கினால் நார் இற்றுப்போகும். அதைத் தடுக்க முதலில் வச்சிரம் பூசுவார்கள். தச்சர்கள் பழைய காலத்தில் காய்ச்சி ஒட்டிய அதே தோல் பசை. அதன் மேல் தளப்பூச்சு. ரூபன்ஸ் பல படங்களில் சாம்பல் சாயலுள்ள தளத்தை விரும்பினார். நிழலும் வெளிச்சமும் இல்லாத நடுச்சாயலை அந்தத் தளமே கொடுத்துவிடும். வேலை வேகமாக நகரும்.

இனி வண்ணம். அந்தக் காலத்து எண்ணெய் ஓவியம் எதை எடுத்தாலும் அதிகம் செலவான வண்ணம் வெள்ளை. தோலின் பளபளப்பு, மேகம், துணி மடிப்பின் முனை எல்லாவற்றிலும் அது கலந்திருக்கிறது. அது காரீயத்திலிருந்து வந்த வெள்ளை. செய்கிற முறைக்கு டச்சு முறை என்றே பேர்.

ஒரு மண்பானை. அடியில் கொஞ்சம் வினிகர். அதற்கு மேலே, வினிகரில் படாதபடி, சுருட்டி வைத்த காரீயத் தகடு. இப்படி நூற்றுக்கணக்கான பானைகளை ஒரு கொட்டகையில் வரிசையாக அடுக்கி, சுற்றிலும் குதிரை லத்தியைக் கொட்டி, மேலே பலகை போட்டு, அதற்கு மேல் இன்னொரு அடுக்கு. கொட்டகை நிறைந்ததும் மூடிவிடுவார்கள். லத்தி புழுங்கிச் சூடேறும். சூட்டில் வினிகர் ஆவியாகிக் காரீயத்தை அரிக்கும். லத்தியிலிருந்து கிளம்பும் கரியமில வாயு அந்த அரிப்பை வெள்ளைப் பொருக்காக மாற்றும். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திறந்தால், கறுத்த தகடு உப்பிப்போய், வெள்ளை வெள்ளையாய்ச் செதிள் கட்டியிருக்கும். அதைத் தட்டி உதிர்த்து, கழுவி, காயவைத்து, அரைக்க வேண்டும். தட்டும்போது கிளம்பும் தூசியில்தான் ஆபத்து. முதலில் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி. பிறகு மலச்சிக்கல், ரத்தச்சோகை. நாள்பட்டால் மணிக்கட்டு செத்துப்போய், கை தூக்க முடியாமல் தொங்கிவிடும். அந்தப் பரிசுத்தமான வெள்ளை இப்படிப்பட்ட கொட்டகைகளிலிருந்துதான் பீடங்களுக்குப் போனது. இன்றைக்கு எக்ஸ்ரே எடுத்துப் பழைய ஓவியங்களை ஆராய முடிவதும் இதே காரீயத்தால்தான். கதிர் அதை ஊடுருவ முடியாததால் வெள்ளைத் தூரிகையின் ஒவ்வொரு இழுப்பும் எக்ஸ்ரே படத்தில் பளிச்சென்று விழுகிறது.

சிவப்புக்கு வருவோம். நாம் சாதிலிங்கம் என்கிறோமே, அதுதான். பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கி எடுப்பது. அன்றைய ஐரோப்பாவின் பெரிய பாதரசச் சுரங்கம் ஸ்பெயினில் உள்ள அல்மாதேன். மன்னரிடமிருந்து அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்கள் ஜெர்மனியின் ஃபுக்கர் குடும்ப வணிகர்கள். 1566 முதல் அங்கே தண்டனைக் கைதிகளை அனுப்பினார்கள். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் இறைப்பது, பாதரச ஆவி எழும் உலைகளில் வேலை செய்வது எல்லாம் அவர்கள் பாடு. கை கால் நடுங்கிப் புத்தி பேதலித்துப்போனவர்கள் பலர். 1593-இல் அரசு அனுப்பிய விசாரணை அதிகாரி ஒருவர் கைதிகளின் வாக்குமூலங்களை எழுதி வாங்கினார். பாதரசத்தின் பெரும்பகுதி அமெரிக்க வெள்ளிச் சுரங்கங்களுக்குப் போனது. ஓவியருக்கு வந்தது அதில் ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகைக்கும் விலை அதே நடுக்கம்தான்.

இன்னொரு சிவப்பு உண்டு. ஆழமான, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் கருஞ்சிவப்பு. சாதிலிங்கத்தின் மேல் மெல்லியதாக இதைப் பூசினால் பட்டும் வெல்வெட்டும் உயிர் பெறும். சப்பாத்திக் கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்தது. மெக்சிகோவின் ஓவாஹாக்கா பக்கத்துப் பூர்வகுடிகள் கள்ளி மடலிலிருந்து ஒவ்வொன்றாக வழித்தெடுத்துக் காயவைப்பார்கள். ஒரு பவுண்டு எடைக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். ஸ்பெயின் கப்பல்கள் இதை ஏகபோகமாக வைத்திருந்தன. ஆண்ட்வெர்ப்பும் ஸ்பெயின் ஆட்சியில் இருந்த ஊர்தான். (இந்த ஏகபோகத்தை உடைக்கத்தான் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டைப் பக்கம் கம்பெனிக்காகக் கள்ளித் தோட்டம் போட்டுப் பார்த்தார்.) நம் நாட்டிலிருந்து அரக்கும் அவுரியும் போர்ச்சுகீசியக் கப்பலில் ஏறி லிஸ்பன் போய், அங்கிருந்து வடக்கே சாயக்காரர்களிடமும் வண்ணக் கடைகளிலும் போய்ச் சேர்ந்தன. சவேரியார் கிழக்கே வந்த அதே கடல்வழிதான்.

நீலத்தில் ராஜா, லாபிஸ் லசூலி கல். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையில் வெட்டியது. கல்லைப் பொடித்தால் சாம்பல் நிறத் தூள்தான் வரும். நீலம் அதற்குள் ஒளிந்திருக்கும். பொடியை மெழுகு, பிசின், எண்ணெயோடு சேர்த்து மாவாகப் பிசைந்து, சாம்பல்காரத் தண்ணீருக்குள் வைத்துக் கையால் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். நீலத் துகள் மட்டும் கழன்று அடியில் இறங்கும். முதல் தடவை இறங்குவதுதான் உச்சம். போகப் போக வெளிறும். இவ்வளவு பாடு இருப்பதால் சிக்கனமாகவே பயன்படுத்தினார்கள். மற்ற இடங்களில் ஸ்மால்ட். கோபால்ட் கலந்து உருக்கிய நீலக் கண்ணாடியின் தூள். மலிவு, ஆனால் எண்ணெயில் வருடங்கள் போகப் போக நீலம் வடிந்து சாம்பல் நிறமாகிவிடும். 17-ஆம் நூற்றாண்டுப் படங்களில் மழைக்கு மூட்டம் போட்ட மாதிரி தெரியும் சில வானங்கள் வரைந்தபோது தெளிந்த நீலமாக இருந்தவை.

கறுப்பு அங்கிக்கு? எலும்பையோ தந்தத்தையோ காற்றுப்படாமல் எரித்த கரி. எண்ணெயில் கறுப்பு சீக்கிரம் காயாது. அடுத்த பூச்சுக்குக் காத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் பட்டறைக்கு வந்து சேர்ந்தபின் அரைக்கிற வேலை. டியூபில் அடைத்த வண்ணம் 1841-இல்தான் வந்தது. அதுவரைக்கும் வழவழப்பான கல், அதன் மேல் குழவி, எண்ணெய் விட்டுக் கையால் சுற்றிச் சுற்றி அரைப்பதுதான். அம்மியில் மசாலா அரைத்தவர்களுக்கு இது புரியும்: எதை எவ்வளவு அரைக்க வேண்டும் என்பது கைக்குத் தெரிய வேண்டும். சாதிலிங்கத்தை அரைக்க அரைக்க நிறம் ஏறும். ஸ்மால்ட்டை அதிகம் அரைத்தால் வெளுத்துவிடும், கரகரப்பாகவே விட வேண்டும். மிஞ்சிய வண்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் போட்டுக் கட்டி வைப்பார்கள். தேவைப்படும்போது முள்ளால் குத்திப் பிதுக்குவார்கள். பயிற்சிக்கு வந்த பையன்கள் முதலில் செய்த வேலை இவைதான். தூரிகையைத் தொட வருடம் ஆகும்.

அந்தப் பையன்களின் பேர் என்ன? மற்ற ஓவியர்கள் தங்களிடம் சேரும் பயிலுநர்களை ஆண்ட்வெர்ப்பின் ஓவியர் சங்கமான புனித லூக்கா சங்கத்தில் பதிய வேண்டும். ரூபன்ஸ் 1609 முதல் அரசவை ஓவியர். அவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே பதிவும் பெரும்பாலும் இல்லை. 1611-இல் எழுதிய கடிதம் ஒன்றில், இடமில்லாமல் நூறு பேருக்கு மேல் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது என்று அவரே சொல்கிறார். சேராமல் போனவர்களின் எண்ணிக்கை நமக்குத் தெரிகிறது. சேர்ந்து வேலை பார்த்தவர்களில் பலரின் பெயர்கூட மிஞ்சவில்லை. எனக்கு இது மனதை உறுத்துகிற விஷயம்.

உள்ளே எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கண்சாட்சி உண்டு. பின்னாளில் டென்மார்க் அரசவை மருத்துவரான ஓட்டோ ஸ்பெர்லிங் இளைஞராக இருந்தபோது, 1621-இல், அந்த வீட்டுக்குப் போனார். ரூபன்ஸ் வரைந்துகொண்டே இருக்கிறார். பக்கத்தில் ஒருவர் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸை வாசிக்கிறார். அதே நேரம் ரூபன்ஸ் ஒரு கடிதத்தையும் வாயால் சொல்லி எழுதவைக்கிறார். ஊரே பேசும் காட்சி இது. ஆனால் ஸ்பெர்லிங் அதற்கு அப்புறம் பார்த்ததுதான் நமக்கு முக்கியம். ஜன்னல் இல்லாத ஒரு பெரிய கூடம், கூரையில் உள்ள திறப்பிலிருந்து மட்டும் வெளிச்சம். அங்கே பல இளம் ஓவியர்கள் ஆளுக்கொரு படத்தில் வேலை செய்கிறார்கள். ரூபன்ஸ் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இங்கொன்றும் அங்கொன்றுமாக வண்ணம் தொட்டுக் கொடுத்திருக்கிறார். மற்றதை அவர்கள் முடிப்பார்கள். கடைசியில் அவர் வந்து தொட்டுச் சரிசெய்வார். அப்புறம் அது ரூபன்ஸ் படம்.

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. 1618-இல், நம் சவேரியார் படத்தின் காலத்திலேயே, ஹேக் நகரில் இருந்த ஆங்கிலத் தூதர் டட்லி கார்ல்டனுக்கு ரூபன்ஸ் ஒரு விலைப்பட்டியல் அனுப்பினார். சிங்கக் கெபியில் தானியேல்: முழுக்க என் கை, 600 கில்டர். விலங்கிட்ட புரொமீதியஸ்: கழுகு ஸ்னைடர்ஸ் வரைந்தது, 500 கில்டர். கடைசித் தீர்ப்பு: என் மாணவர் ஒருவர் தொடங்கியது, நான் முழுக்கத் தொட்டு முடித்தால் அசல் போலவே ஆகிவிடும், 1,200 கில்டர். யாருடைய கை எவ்வளவு என்பதை வைத்து விலை பேசினார்கள். வாங்குகிறவருக்கும் அது தெரியும். அந்தக் கடிதத்தில் ஸ்னைடர்ஸுக்குப் பேர் இருக்கிறது, அவர் தனி ஆசான். ‘மாணவர் ஒருவர்’ கடைசி வரை மாணவர் ஒருவர்தான்.

சபையாரோடு 1620 மார்ச் 29-ஆம் தேதி போட்ட ஒப்பந்தம் இதைவிடத் தெளிவு. ஆலயத்தின் பக்கக் கூரைகளுக்கு 39 படங்கள், 7,000 கில்டர். சிறு மாதிரிகளை ரூபன்ஸ் தன் கையாலேயே வரைய வேண்டும். பெரிய அளவில் வான் டைக்கும் மற்ற மாணவர்களும் வரையலாம். குறை இருந்தால் ரூபன்ஸ் சரிசெய்து தர வேண்டும். பீடத்துக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த இஞ்ஞாசியார், சவேரியார் படங்கள் இரண்டுக்கும் சேர்த்து 3,000 கில்டரும் அதே ஒப்பந்தத்தில் வருகிறது. வான் டைக்குக்கு அப்போது இருபத்தொரு வயது; ஏற்கெனவே பேர் எடுத்திருந்தவர், அதனால் பெயர் ஏறியது. ‘மற்ற மாணவர்கள்’ ஒரு சொல்லில் முடிந்துபோனார்கள்.

படத்தைத் தூக்கி இறக்க வேண்டியிருந்தது என்று சொன்னேன் அல்லவா? பீடத்துக்குப் பின்னால் கயிறும் கப்பியுமாக ஒரு பொறி அமைத்திருந்தார்கள். திருவழிபாட்டுக் காலத்துக்கு ஏற்றபடி ஒரு படத்தை இறக்கி இன்னொன்றை ஏற்றுவார்கள். இன்று இஞ்ஞாசியார் என்றால் அடுத்த காலத்தில் சவேரியார். அந்தக் கயிற்றை இழுக்கவும் ஆள் வேண்டும். அந்தப் பொறி இன்றும் அங்கே இருக்கிறது, வேறு படங்கள் அதில் மாறுகின்றன.

1718 ஜூலை 18 அன்று ஆலயத்தில் இடி விழுந்து தீப்பற்றியது. கூரையிலிருந்த 39 படங்களும் போயின. பீடப் படங்கள் பிழைத்தன. 1773-இல் போப்பாண்டவர் இயேசு சபையைக் கலைத்ததும் அதன் உடைமைகள் விற்பனைக்கு வந்தன. 1776-இல் பேரரசி மரியா தெரசா இரண்டு பெரிய படங்களையும் வியன்னாவுக்கு வாங்கினார். அவற்றின் சிறு மாதிரிகளும் கூடவே போயின.

சவேரியார் படத்தின் சிறு மாதிரியும் இன்று அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள ஓக் பலகை, அவ்வளவுதான். பெரிய படம் பரப்பில் அதைப்போல இருபத்தைந்து மடங்குக்கு மேல். வியன்னா போக வாய்த்தால், அல்லது இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்தாலும் சரி, முதலில் பலகையைப் பாருங்கள். தூரிகை நீர்த்த வண்ணத்தில் ஓடியிருக்கும். முகம் இரண்டு தொடுகையில் வந்திருக்கும். அது ஒரே ஆள் கை. பிறகு பெரிய படத்துக்கு வந்து, கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவருடைய தோளிலோ துணி மடிப்பிலோ கண்ணை நிறுத்துங்கள். பொறுமையாக, ஒழுங்காக, கொஞ்சம் பயந்து பயந்து பூசியிருக்கும் இடங்கள் தென்படலாம். அதற்கு மேல் ஓரிடத்தில், வேகமாகப் போகிறபோக்கில், வேறொரு கை வந்து வெள்ளையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போயிருக்கும்.